உடையாத சட்டி

அப்பாவின் தலைத்திதிக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்திருக்கும் உறவின்முறையாருக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். இந்த மலரைப் பந்தி முடிந்த பிறகே உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அவசரக்காரர்கள் முதலில் அதைத்தான் புரட்டுவீர்கள். புரட்டுங்கள், சாப்பிட்டது சாப்பிட்டதுதான்.

நினைவு மலர் என்றால் போனவரைத் தெய்வம் என்று எழுதுவது வழக்கம். அப்பா தெய்வம் அல்லர். முன்கோபக்காரர், பிடிவாதக்காரர், பட்ட அவமானத்தை ஊறுகாய் போல வருஷக்கணக்கில் வைத்திருந்து எடுத்துத் தின்றவர். என்னையும் ஒரு முறை அடித்தார். அந்த அடியைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. நீங்களும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘பன்னிச்சட்டிக்காரன்’ என்றுதான் இருபது வருஷத்துக்கு மேல் அழைத்தீர்கள்.

அப்பா ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே இரண்டு மைலில், மானாவாரி நிலமும் ஒரு கிணறும் இருந்த வீட்டில் மூத்த மகனாகப் பிறந்தார். அவருக்குப் பின்னால் பிறந்தவர் என் சித்தப்பா. நான் பிறந்த ஏழாம் மாதம் அம்மா வாந்திபேதியில் போய்விட்டார். அதே வருஷம் கிணறும் வற்றியது. என் தாத்தா, அதாவது எங்கள் அப்பாரு, மூத்த மகனைக் கூப்பிட்டு, “ரெண்டு பேத்துக்கு இங்க சோறு இல்லே. தம்பி இருக்கட்டும். நீ எங்காச்சும் போய்ப் பொழச்சுக்கோ” என்று சொன்னாராம். கைக்குழந்தையோடு நின்ற மகனிடம் இப்படிச் சொன்னவரை நல்ல மனிதர் என்று நான் எழுத மாட்டேன், அவர் எவ்வளவு பெரிய தாத்தாவாக இருந்தாலும்.

அப்பா ஆற்றங்கரை முசாபரி பங்களாவில் தண்ணீர் சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்திலேயே ஒரு குடிசை கிடைத்தது. வாய்க்கால்களைப் பார்வையிட வரும் துரை அந்தப் பங்களாவில் மாதக்கணக்கில் தங்குவார். ஒரு தடவை துரையும் துரைசாணியும் வந்தபோது சாமான் வண்டி வாய்க்காலில் குடைசாய்ந்தது. பீங்கான், பாத்திரம், அரிசி, எண்ணெய், எல்லாம் தண்ணீரோடு போயிற்று. வண்டியின் பின்பக்கத்தில் கட்டியிருந்த ஓர் இரும்புச் சட்டி மட்டும் மிஞ்சியது. நீளக் கைப்பிடி, கனத்த அடி, விளிம்பு உயர்ந்த தட்டை மூடி. சமையல்காரனுக்கோ காய்ச்சல். துரைக்கோ பசி. பன்றிக்கறி வாங்கி வைத்தாயிற்று, சமைக்கத்தான் ஆளில்லை.

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த அப்பா, “நான் செய்யறனுங்க” என்றாராம்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள் அல்லர். நம் பங்காளிகள் வருஷம் ஒரு முறை சாமிக்குப் பன்றி குத்துவார்கள். வீட்டுக்கு வெளியே, தோட்டத்தில், புது மண்சட்டியில் ஆண்கள் சமைத்து, ஆண்கள் தின்று, அங்கேயே சட்டியைப் போட்டு உடைத்து, குளித்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். சட்டி உடைந்தால் தீட்டும் உடைந்தது என்பது சாத்திரம். அப்பாவும் அந்தத் தோட்டத்தில் கறி கிளறியவர்தான்.

துரைசாணி முக்காலியைப் போட்டு அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து, தன் அரைத் தமிழில் சொல்லிக் கொடுத்தாராம். “ஒண்ணு சட்டி. மாமிசம், வெங்காயம், பழம், எல்லாம் உள்ளே. வேற பாத்திரம் வேண்டாம்.” எலும்போடு அறுத்த விலாக்கறித் துண்டுக்கு அவர்கள் ‘சாப்பு’ என்று பெயர் சொன்னார்கள். கறியின் சொந்தக் கொழுப்பிலேயே இரண்டு பக்கமும் சிவக்க விட்டு, வெங்காயம் போட்டு, மேலே பழத்தை அடுக்கி, மூடியைக் கவிழ்த்து, அந்த மூடியின் மேலும் தணலை அள்ளிக் கொட்ட வேண்டும். அவர்கள் ஊரில் போடும் பழம் ஆப்பிள். ஜேடர்பாளையத்தில் ஆப்பிளுக்கு எங்கே போவது? அப்பா நன்றாகக் கனிந்த மாம்பழத்தை அரிந்து போட்டார்.

பழம் கரைந்து கூழாகிவிட்டது. துரை ஒரு வாய் வைத்தார். தட்டோடு எடுத்துத் தன் நாய்க்கு முன்னால் வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும் வரை அப்பாவை அங்கேயே நிற்கச் சொன்னார். “நாய்கூடக் கறியத் தின்னுட்டுப் பழத்த ஒதுக்கி வெச்சுது சாமி” என்று அப்பா பின்னாளில் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்ததே இல்லை.

மறுநாள் அப்பா செங்காயைப் போட்டார். காய் என்றும் சொல்ல முடியாமல் பழம் என்றும் சொல்ல முடியாமல், உள்ளே மஞ்சள் ஏறி இன்னும் கெட்டியாக இருக்கும் மாங்காய். நாலு மிளகு, சுண்டைக்காய் அளவு வெல்லம். “அடியிலயும் நெருப்பு, மேலயும் நெருப்பு. நடுவுல செங்காய் மட்டும் கரையாம நிக்கோணும். அதுதான் பக்குவம்” என்பார். துரை தட்டை வழித்துத் தின்றார். அன்றிலிருந்து அப்பா சமையல்காரர். மாங்காய் இல்லாத மாதங்களில் கொய்யா, கொல்லிமலையிலிருந்து வரும் அன்னாசி. பன்றிக்கறிக்கு, பன்றி வளர்க்கும் காளியம்மாள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வேலை முடிந்ததும் அப்பா ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டுத்தான் குடிசைக்கு வருவார். சட்டி பங்களாவிலேயே இருக்கும். துரைக்குப் பன்றி சமைக்கிறார் என்ற செய்தி ஊருக்குள் போக எத்தனை நாள் ஆகும்? ஊரே கூடிச் சிரித்தது. ஆனால் அவர் அறுவடைக்கு அறுவடை நெல் வாங்கி அப்பாருக்கு அனுப்பினார். அந்த நெல்லை எந்தத் தீட்டும் தொடவில்லை. அதைப் புழுக்கி, குத்தி, சோறாக்கித் தின்றார்கள்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாரு இறந்தார். மூத்த மகன் என்ற முறையில் அப்பாவுக்குத் தலை மழித்து, குளிக்க வைத்து, ஈர வேட்டியோடு நிறுத்தினார்கள். கொள்ளிச்சட்டியை எடுக்கக் குனிந்தபோது, நம் பங்காளிகளில் மூத்தவர், அப்பாவுக்குப் பெரியப்பா முறை, குறுக்கே தடியை நீட்டினார்.

“நில்லுப்பா. பன்னிச்சட்டி புடிச்ச கை கொள்ளிச்சட்டி புடிக்கப்படாது.”

அப்பா நிமிர்ந்தார். “நீங்களுந்தான் வருசா வருசம் தின்கறீங்க, பெரிப்பா.”

“நாங்க தின்ன சட்டிய ஒடச்சுப் போட்டுட்டுத்தான ஊட்டுக்கு வாறோம். உன்ற சட்டி இரும்பு. அது ஒடையுமா? எங்க, ஒடச்சுக் காட்டு பாக்கலாம்!”

கூட்டம் சிரித்தது. பிணத்தை முற்றத்தில் வைத்துக்கொண்டு சிரித்தது. நான் பெண்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யார் சிரித்தீர்கள் என்று இன்றும் சொல்வேன். தடுப்பதென்றால் தலை மழிக்கும் முன் தடுத்திருக்கலாம். மழித்த பிறகு தடுத்ததில்தான் உங்கள் சாமர்த்தியம் இருந்தது. “அண்ணன் இருக்கையில நான் எப்படீங்க?” என்று சித்தப்பா ஒப்புக்குக்கூடக் கேட்கவில்லை. குனிந்து சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அப்பா மொட்டைத் தலையோடு வாய்க்கால் மேட்டில் நின்று, தூரத்தில் எழுந்த புகையைப் பார்த்தார்.

அதன் பிறகு பதினைந்து நாள் இருக்கும். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு நான் பங்களாவுக்குப் போனேன். சமையல்கட்டில் சட்டி மூடி திறந்து ஆறிக்கொண்டிருந்தது. என்ன வாசம் என்கிறீர்கள்! கொழுப்பில் வெந்த செங்காய், ஓரம் கருகி, மினுமினுவென்று கிடந்தது. எனக்குக் காலையிலிருந்து பசி. ஒரே ஒரு துண்டு என்று கையை நீட்டினேன்.

அடுப்பிலிருந்து எடுத்த இரும்புக் கரண்டியால் அப்பா ஓங்கி என் விரல்களின் மேல் போட்டார். மூன்று விரலில் தோல் பிய்ந்து கரண்டியோடு போயிற்று. நான் கத்திய கத்தலில் துரைசாணி எழுந்து வந்துவிட்டார். அப்பா என் கையைப் பார்க்கவில்லை. தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தார்.

“தின்னயா? சொல்லு, தின்னயா?”

“இல்லீங்கப்பா.”

“தொட்டயா?”

“இல்லீங்கப்பா… தொடறதுக்குள்ள அடிச்சுப்போட்டீங்க.”

“இனி இந்தச் சட்டிக்குக் கிட்ட வந்தயின்னா கைய வெட்டிப்போடுவேன்.”

மருந்து போட்டவர் துரைசாணி. அப்பா வந்து ஊதிக்கூட விடவில்லை. துரையின் தட்டில் ஒரு துண்டு குறைந்துவிடும் என்பதற்காகப் பெற்ற பிள்ளையைச் சுட்டவர் என்றுதான் நினைத்தேன். அவரை வெறுத்தேன். நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். பதினாறு வருஷம் வெறுத்ததை இரண்டு வரியில் எழுதியிருக்கிறேன், அதுவே என் பெருந்தன்மை.

ஆனாலும் என்னைப் படிக்க வைத்தார். “பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் படிப்பு?” என்று நீங்கள் கேட்டீர்கள். சேலத்தில் பாதிரிமார் பள்ளியில் துரைசாணி சொல்லி இடம் கிடைத்தது. இன்று உங்களைப் பற்றி இப்படி எழுதுகிறேன் என்றால், அந்தச் சட்டி போட்ட எழுத்துதான். அப்போதே கேட்காமல் தடுத்திருக்கலாம், விட்டுவிட்டீர்கள்.

கல்யாணக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சிரிக்கலாம். வாழப்பாடியிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள், “பொண்ணோட அப்பா என்ன பண்றார்?” என்று ஜேடர்பாளையத்தில் விசாரித்திருக்கிறார்கள். “அவரா? சாப்புக்காரருங்க” என்று யாரோ நக்கலாகச் சொல்லியிருக்கிறார்கள். வாழப்பாடியில் சாப்பு என்றால் கடை. சாராயச் சாப்பு, துணிச் சாப்பு. கடைக்காரர் மகள் என்று சந்தோஷமாகச் சம்பந்தம் பேசிவிட்டார்கள். தாலி கட்டிய பிறகுதான் என் மாமியார், “கடை எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டார். அப்பா சிரிக்காமல் சொன்னார்: “கடை இல்லீங் சம்பந்தி. பன்னி விலாக்கறீங்க.” மாமியார் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. கெடுக்க நினைத்தவன் சொன்ன ஒரு சொல்லால் எனக்கு நல்ல கணவர் கிடைத்தார். அந்த நக்கல்காரருக்கும் நன்றி.

பிறகு யுத்தம் வந்தது. மழை தப்பியது. அரிசி கண்ணில் படவில்லை, கம்பும் கேழ்வரகும் பொன்னாகிவிட்டன. அந்தச் சித்திரை நோம்பிக்கு நான் அப்பாவிடம் வந்திருந்தேன். நம் பங்காளி வீடுகளில் நாலு நாளாக அடுப்பு எரியவில்லை என்று காளியம்மாள் வந்து சொன்னார். அப்பா காளியம்மாளிடமே இரண்டு பன்றி பிடித்துவரச் சொன்னார். “பசிச்சவங்க வரலாம், பன்னிச்சட்டிக்காரன் கூப்படறான்னு சொல்லு” என்று ஊருக்கு ஆள் அனுப்பினார்.

வந்தீர்கள். வீட்டுக்கு ஒருவர் மிச்சமில்லாமல் வந்தீர்கள். பெண்கள் வந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள், தடியை நீட்டிய பெரியவரையும் வண்டியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். பங்களாவுக்குப் பின்னால் புளியமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தீர்கள். கறி ஈடு ஈடாக அந்த ஒரே சட்டியில்தான் வெந்தது. வேறு பாத்திரங்கள் அப்போது பங்களாவில் நிறைய இருந்தன. அப்பா அவற்றைத் தொடவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசைக்கு நடுவில் வைத்து மூடியைத் திறந்தார்.

“நல்லாப் பாத்துக்கோங்க. இது தொரை சட்டி. பன்னிச்சட்டி. ஒடையாத சட்டி. வேண்டாங்கறவங்க எந்திரிச்சுப் போலாம்.”

ஒருவரும் எழவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், உங்களுக்குப் பதினொன்றும் பறந்தது. அப்பா பெரியவருக்குத்தான் முதலில் வைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். சித்தப்பாவின் முன்னால் வந்தபோது அப்பா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, இது எந்தச் சட்டீன்னு தெரியுமா?”

“தெரியுமுங்ணா.”

“தெரிஞ்சுதான் தின்கறயா?”

“பசிக்குதுங்ணா. பையனும் ரெண்டு நாளாச் சாப்படல.”

“சொல்லிட்டுத் தின்னு. பன்னிச்சட்டின்னு வாயால சொல்லு.”

சித்தப்பா சொன்னார். அவருடைய மகனும் சொன்னான். பிறகு வரிசையில் ஒவ்வொருவரையும் சொல்ல வைத்தார். ஐந்து வயதுக் குழந்தைகளைக்கூட விடவில்லை. பசித்தவர்களை அப்படிச் செய்யலாமா? கூடாது. அது கொடுமை. அன்று அப்பாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. அத்தனை பேரும் தின்றீர்கள். எலும்பை உறிஞ்சினீர்கள். செங்காய்க்கு இரண்டாம் முறை இலையை நீட்டினீர்கள்.

நான் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். எனக்கும் பசிதான். “எனக்கொரு துண்டு குடுங்கப்பா” என்று கல்யாணமான பெண், வெட்கம் விட்டுக் கேட்டேன். “உனக்குக் கூழு வெச்சிருக்கறேன், போய்க் குடி” என்றார். ஊரெல்லாம் தின்கிறது, பெற்ற மகளுக்குக் கூழா என்று எனக்கு அழுகை வந்தது. நான் அழுததைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அதுதான் பிறகு எனக்குச் சாட்சி ஆயிற்று.

யுத்தம் முடிந்ததும் துரை கப்பலேறிவிட்டார். போகும்போது துரைசாணி அந்தச் சட்டியை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா வாய்க்கால் மேட்டில், தன் பங்குக்கு விழுந்த துண்டு நிலத்தில், ஒரு வீடு கட்டிக்கொண்டார். சட்டியை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. வாசல் வேப்பமரத்துக் கிளையில் தொங்கவிட்டார்.

போன வருஷம் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. கரண்டி பிடித்த கை மரக்கட்டையாகக் கிடந்தது. “பன்னி சாபம்” என்று நீங்கள் பேசியதை அவர் காதுபடவே பேசினீர்கள். நான் வந்து இரண்டு மாதம் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் அவர் தன் இடது கையால் என் விரல்களைப் பிடித்து, தழும்பைத் தடவினார்.

“வலிச்சுதா சாமி?”

“இன்னும் வலிக்குதுங்கப்பா” என்றேன். வலிக்கவில்லை. அவரை நோகடிக்கத்தான் சொன்னேன்.

“வலிக்கோணும்” என்றார். அவ்வளவுதான். சாகப்போகிறவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்கு மூன்றாம் நாள், வைகாசியில், விடிந்து பார்த்தபோது அப்பா இல்லை.

நீங்கள் வந்தீர்கள். அழுதவர்களைவிட நிலத்தின் நாலு மூலையைப் பார்த்தவர்கள் அதிகம். எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பது சும்மா வந்த பழமொழி அல்ல. பாடை கட்டும் முன்பே சித்தப்பா தன் மகனைத் தலை மழித்துக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

“அண்ணனுக்குப் பையன் இல்லே. கொள்ளி என்ற பையந்தான் புடிக்கோணும். கொள்ளி வெச்சவனுக்குத்தான் வாய்க்கா மேட்டு நெலம். அதுதான மொறை?”

எனக்கு உச்சந்தலை வரை நெருப்பு ஏறியது. அப்போதுதான், அந்தக் கணத்தில்தான், அந்த அடி எதற்கு என்று புரிந்தது. இத்தனை படித்தும் அதுவரை புரியவில்லை. அப்படிப்பட்ட முட்டாள் நான்.

“சித்தப்பா, தம்பி கைய நீட்டச் சொல்லுங்க” என்றேன்.

“எதுக்கு சாமி?”

“பன்னிச்சட்டி தின்ன கையா, இல்லையான்னு கேக்கறேன். யுத்தத்துல புளியமரத்தடியில வாயால சொல்லித்தான தின்னான்? நீங்களும் சொன்னீங்க. பன்னிச்சட்டி புடிச்ச கை கொள்ளிச்சட்டி புடிக்கப்படாதுங்களே. பெரிய தாத்தா, நீங்க போட்ட சட்டந்தானுங்க இது?”

பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் ஒவ்வொரு பங்காளியாகக் கேட்டேன். தின்னாத கை ஒன்று இருந்தால் முன்னால் வரட்டும் என்றேன். ஒரு கை வரவில்லை.

“அப்ப எவந்தான் புடிக்கறது?” என்று பெரியவர் சிடுசிடுத்தார்.

நான் என் வலது கையைத் தூக்கினேன். “இந்த வம்சத்துல அந்தச் சட்டியத் தொடாத கை இது ஒண்ணுதானுங்க. தொட வந்ததுக்கு வெச்ச சூடு இது. அன்னிக்குக் கூழு குடிச்சுட்டு அழுதனே, பாத்தீங்களே எல்லாரும்?”

பதிலுக்கு எழுந்து போனீர்கள். “பொட்டச்சி கொள்ளி புடிச்சா ஊருக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மொத்தமாக. போகிற வழியில் குயவர் வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போனீர்கள். என் கணவர் கொள்ளிச்சட்டி கேட்டுப் போனபோது குயவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். “சாமி, நான் சட்டி குடுத்தா நாளைக்கு எனக்கு இந்த ஊர்ல சூளை இருக்காதுங்க.”

பிணம் கிடக்கிறது. வெயில் ஏறுகிறது. நெருப்பு கொண்டுபோகச் சட்டி இல்லை. நான் வேப்பமரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். ஏணி வைத்து இறக்கினேன். அப்பாவின் அடுப்பிலிருந்தே தணலை அள்ளி அதில் கொட்டினேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லக்கூட வாசலில் ஆள் இல்லாததால், அதுவும் சுலபமாக முடிந்தது.

நாலு பேர் தூக்கினார்கள். என் கணவர், பங்களாக் காவல்காரர், காளியம்மாளின் வீட்டுக்காரர், காளியம்மாளின் தம்பி. நான் முன்னால் நடந்தேன். கைப்பிடி காய்ந்து பழைய தழும்பின் மேலேயே சுட்டது. மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை. தன் தகப்பனுக்குக் கொள்ளி வைக்க விடாமல் தடுக்கப்பட்டவர், தனக்குக் கொள்ளி வைக்க ஒரே ஒரு கையாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று அதைச் சுட்டுக் காப்பாற்றியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். “வலிக்கோணும்” என்றதற்குப் பதில் இதைச் சொல்லியிருந்தால், கடைசி மூன்று நாளாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தீ வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு, அவரைத் திட்டித் திட்டி அழுதேன்.

கொள்ளிச்சட்டியை அங்கேயே போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். இது உடையாது. ஆகவே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இனி நன்றி.

பாடை தூக்கிய நால்வருக்கும், விறகு கொண்டுவந்து இறக்கிய காளியம்மாளுக்கும் என் நெற்றி தரையில் பட நன்றி. பயந்தாலும் கும்பிட்டுப் பயந்த குயவருக்கு நன்றி. எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கும் துரைசாணிக்கு, மருந்து போட்டதற்கு நன்றி. கருமாதிக்கு வராத பங்காளிகள் அனைவரும் இன்று தலைத்திதிக்கு வந்திருப்பீர்கள், ஏனென்றால் ‘வாய்க்கால் மேட்டு நிலம் யாருக்கு என்று அன்று சொல்கிறேன்’ என்று அழைப்பில் எழுதியிருந்தேன். நிலம் எனக்கு. நானே உழுகிறேன். சிரமம் பாராமல் வந்ததற்கு நன்றி.

இன்று இலையின் வலது ஓரத்தில் வெல்லம் போட்ட செங்காய்ப் பச்சடி வைத்தோம். இரண்டாம் முறை கேட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். அதில் கறி இல்லை, பயப்படாதீர்கள், இது திதிச் சாப்பாடு. நாலு ஈடாக அந்த இரும்புச் சட்டியில்தான் வெந்தது. ஒரு காலத்தில் பன்னிச்சட்டி, போன வைகாசியிலிருந்து என் அப்பாவின் கொள்ளிச்சட்டி. சாம்பலும் புளியும் போட்டு நன்றாகத் தேய்த்திருக்கிறேன். கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறது. உடைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உடைத்துப் பார்க்கலாம்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள், காளியம்மாளிடம் விலாக்கறி வாங்கி, அப்பா செய்தது போலவே, கீழே நெருப்பும் மேலே நெருப்புமாக, நானே சமைத்தேன். இந்தக் கையால் இனி வைக்க வேண்டிய கொள்ளி எதுவும் இல்லை. முதல் முறையாக அந்தச் சட்டியிலிருந்து ஒரு துண்டு செங்காயை எடுத்து வாயில் போட்டேன். சரியாக வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க என் நாக்கில் ஒன்றும் இல்லை.

அந்தச் சட்டியில் அப்பாவின் கைருசி தெரிந்தவர்கள் இந்த ஊரில் நீங்கள் மட்டும்தான். தின்றவர்கள் நீங்கள், பெற்ற மகளுக்குத் தெரியாது. ஆகவே ஏசுவதையெல்லாம் ஏசி முடித்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, உங்களில் ஒருவராவது சமையல்கட்டுப் பக்கம் வந்து எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். இன்று இலையில் வைத்த செங்காய், அவர் வைத்தது போல இருந்ததா?